மோயார்ட்: இரண்டு ஆட்சி கண்ட ஒரு பெயர்

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை 137 ஆண்டுகள் அவர்களே ஆண்டார்கள். கப்பலேறி வந்தவர்கள் எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் இருந்ததில்லை. பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் சரிபார்க்க, 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையைத் தொகுத்து முடித்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இதற்குச் சாட்சி. ஐசாக்கின் மகன் என்பதே அந்தப் பெயர். யாழ்ப்பாணத்து ஆள் தகப்பன் பெயரை முன்னால் வைத்தார். ஒல்லாந்தர் பின்னால் வைத்தார். நெதர்லாந்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது 1811இல் நெப்போலியன் இட்ட ஆணை. அப்போது இங்கிருந்த ஒல்லாந்தர் ஏற்கெனவே ஆங்கிலேயரின் குடிகள்.

மோயார்ட் என்ற பெயர் இந்த மாற்றங்களைத் தாண்டி நின்றது. அந்தோனி மோயார்ட் யாழ்ப்பாணத்தின் கொமாண்டராக இருந்து, 1766இல் தமக்குப் பின் பொறுப்பேற்ற நோயல் அந்தோனி லெபெக்குக்கு விரிவான நிர்வாகக் குறிப்பு எழுதி வைத்தார். அரை நூற்றாண்டு கழித்து அதே பெயரை இன்னொருவரிடம் காண்கிறோம். ஆங்கில அரசில் அதிகாரியாக யாழ்ப்பாணத்தில் இருந்த ஜே. என். மோயார்ட், 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரிமாருக்கும் 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்கும் உற்ற துணையாக இருந்தார். கொடி மாறியது, அரசாங்க உத்தியோகம் அந்தப் பெயரோடு தொடர்ந்தது.

பறங்கியர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் குடும்பங்கள் பலவற்றின் கதையும் இப்படித்தான். காணியைவிட உத்தியோகமே அவர்களுக்குப் பிடிமானம். ஆகவே ஆட்சியின் மொழி மாறியபோது அவர்களும் ஒல்லாந்த மொழியை விட்டு ஆங்கிலத்துக்குப் போனார்கள். நீதிமன்றமும் செயலகமும் இருந்த கொழும்புக்கு நகர்ந்தார்கள். 1840இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த சாமுவேல் கிரெனியர் அங்கே சட்டமா அதிபரானார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது ஆங்கிலமும் கைவிட்டுப்போக, பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் இதழில் அச்சிட்ட வம்சாவளிகளால்தான் பல குடும்பங்களின் தொடர்ச்சி இன்று தெரிகிறது.

யாழ்ப்பாணத்தின் பழைய வாழ்வும் ஒல்லாந்தரின் ஏடுகளில்தான் கிடக்கிறது. தோம்பு எனப்படும் காணிப் பதிவேடும் நிர்வாகக் குறிப்புகளும் அவர்கள் மொழியில் இருக்கின்றன. மோயார்ட்டின் குறிப்பை ஆங்கிலத்தில் தந்தவர் சோபியா பீட்டர்ஸ். அது வெளிவந்தது 1910இல். 1706இல் கோட்டைக்குள் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயத்தைப் போரில் இழந்துவிட்டோம். ஏடுகளையாவது காப்பாற்ற வேண்டும். பழைய ஒல்லாந்த மொழி கற்ற ஒரு தலைமுறையை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்கினால், நம் பாட்டன்மாரின் காணியையும் வரியையும் வழக்கையும் நாமே நேரடியாகப் படிக்கலாம்.

(தொடரும்)