வழக்குச் செலவும் மக்கள் பிரதிநிதியும்

மக்கள் தமது வாக்கினால் ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புகின்றனர். அவரை அங்கிருந்து அகற்றும் உரிமையும் அம்மக்களுக்கே உரியது என்பது சனநாயகத்தின் அடிப்படைக் கொள்கை. ஆயினும், தேர்தலில் தோற்கடிக்க முடியாத ஒருவரை நீதிமன்றப் படிகளில் ஏற்றி இறக்கி, அவரது கைப்பொருளைக் கரைத்து, பொதுவாழ்விலிருந்தே துரத்திவிட எடுக்கப்பட்ட முயற்சிகள் வரலாற்றில் பல உள. குற்றச்சாட்டு மெய்யா, பொய்யா என்பது இத்தகைய முயற்சிகளில் இரண்டாம் பட்சமே. தீர்ப்பு வருவதற்கு முன்னரே வழக்குச் செலவு தண்டனையாகிவிடுகின்றது. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் வரலாறுகளுள் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த சார்ள்ஸ் பிராட்லாவின் வரலாறாகும்.

பிராட்லா 1833 இல் கிழக்கு லண்டனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் ஒரு வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராக இருந்தவர். மகனும் சிலகாலம் சாதாரணப் படைவீரராகவும், பின்னர் வழக்கறிஞர் அலுவலக எழுதுவினைஞராகவும் உழைத்தார். கடவுள் மறுப்பாளரான அவர் 1866 இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். முடியாட்சியை எதிர்த்தார்; குடியரசை ஆதரித்தார். 1880 களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்திய இலௌகிக சங்கத்தினர் அவரது இயக்கத்திலிருந்து ஊக்கம் பெற்றவர்களே.

நோர்தாம்ப்டன் தொகுதியில் மும்முறை தோல்வியுற்ற பிராட்லா, 1880 ஏப்ரலில் வெற்றி பெற்றார். கடவுளின் பெயரால் சத்தியப்பிரமாணம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு பாராளுமன்றத்தை அவர் கேட்டார். அது மறுக்கப்பட்டது. அவ்வாறாயின் சத்தியப்பிரமாணத்தையே செய்கிறேன் என்றார். கடவுளை நம்பாதவர் அதனைச் செய்யலாகாது என்று அதுவும் மறுக்கப்பட்டது. யூன் 23 ஆம் நாள் சபையை விட்டு விலக மறுத்தமைக்காக அவர் பாராளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். ஈற்றில், யூலை மாதத் தொடக்கத்தில், சட்டத்தின் விளைவுகளைத் தாமே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் உறுதிமொழி கூறச் சபை இடமளித்தது.

அந்த நிபந்தனையிலேதான் பொறி இருந்தது. முறைப்படி பிரமாணம் செய்யாது சபையில் அமர்ந்து வாக்களிப்பவர் ஒவ்வொரு முறைக்கும் 500 பவுண் தண்டம் செலுத்தவேண்டும் என்று 1866 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. பழைய ஆங்கிலச் சட்டங்கள் பலவற்றின்படி, எந்தத் தனிமனிதரும் இவ்வாறான குற்றத்தைச் சுட்டிக்காட்டி வழக்குத் தொடுத்து, தண்டப் பணத்தைத் தமக்கே பெற்றுக்கொள்ளலாம். பொதுநலத்தின் பெயரால் தனிமனிதர் இலாபம் தேட இடமளித்த முறை இது. பிராட்லா தமது முதல் வாக்கை அளித்த உடனேயே கிளாக் என்பவர் 500 பவுண் கோரி வழக்குத் தொடுத்தார்.

கிளாக் பெருஞ்செல்வர் அல்லர். வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கொடுப்பதற்கு அவரிடம் வழியில்லை. அவருக்குப் பின்னால் பாராளுமன்ற உறுப்பினரும் நிலச்சுவாந்தருமான நியூடிகேற் நின்றார் என்பது பின்னர் வெளியாயிற்று. செலவு முழுவதையும் தாம் ஏற்பதாக நியூடிகேற் எழுதிக் கொடுத்திருந்தார். ஆளுங்கட்சியை எதிர்த்த கன்சர்வேற்றிவ் கட்சியினரான அவர், சபையில் வாதாடி வெல்ல முனைந்ததோடு அமையாது, தமது பணப்பெட்டியையும் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்.

1881 மார்ச்சில் தீர்ப்பு பிராட்லாவுக்கு எதிராக அமைந்தது, ஆசனம் பறிபோயிற்று. ஏப்ரலில் நோர்தாம்ப்டன் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தனர். மீண்டும் சபை அவரை ஏற்க மறுத்தது. ஓகஸ்ட் 3 ஆம் நாள் சபைக்குள் நுழைய முயன்றபோது பொலிசார் அவரை இழுத்து வெளியேற்றினர். 1882 இலும், 1884 இலும் இடைத்தேர்தல்களில் அதே மக்கள் அவரையே தேர்ந்தனர். சபை கதவடைத்தது, மக்கள் தம் முடிவை மாற்றவில்லை.

இக்காலம் முழுவதும் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. மதநிந்தனைக் குற்றச்சாட்டும் அவற்றுள் ஒன்று. அதிலிருந்து 1883 இல் அவர் விடுதலை பெற்றார். அன்றைய பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை. சொற்பொழிவும் பத்திரிகையுமே பிராட்லாவின் பிழைப்பு. நீதிமன்றத்தில் நின்ற நாட்களில் அந்த வருவாயும் குறைந்தது. கடன் இறுக்க இயலாது வங்குரோத்தானவர் பாராளுமன்றத்தில் அமரும் தகுதியையே இழப்பார் என்பதை நாம் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். எனவே எதிரிகள் இறுதி வெற்றியைப் பெறவேண்டிய தேவை இருக்கவில்லை. வழக்கு நீடித்தாற் போதும்.

பிராட்லா இதற்கு எங்ஙனம் ஈடுகொடுத்தார்? எழுதுவினைஞராக இருந்தபோது பெற்ற சட்ட அறிவைக் கொண்டு தமது வழக்குகளைத் தாமே வாதாடினார். 1883 ஏப்ரலில் பிரபுக்கள் சபை, 1866 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தண்டத்துக்காக வழக்காடும் உரிமை முடிக்கு மட்டுமே உண்டு, தனிமனிதர் எவருக்கும் இல்லை எனத் தீர்ப்பளித்தது. அஃதாவது, மூன்றாண்டு காலம் அவரை வாட்டிய வழக்கு தொடுக்கப்பட்டிருக்கவே கூடாதது. அதே மாதம், பிறர் வழக்குக்கு மறைவில் பணம் கொடுத்துத் தூண்டியமைக்காக நியூடிகேற் மீது பிராட்லா தொடுத்த வழக்கிலும் அவரே வென்றார். 1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் பீல், எவரது ஆட்சேபத்துக்கும் இடங்கொடாது அவரைப் பிரமாணம் செய்யவிட்டார். உறுதிமொழி கூறும் உரிமையை அனைவருக்கும் வழங்கும் சட்டத்தை 1888 இல் பிராட்லாவே நிறைவேற்றுவித்தார். 1889 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரஸ் மாநாடு அவரை வரவேற்றது. 1891 ஜனவரி 27 ஆம் நாள், அவரை விலக்கிய பழைய தீர்மானத்தைச் சபை தன் ஏட்டிலிருந்து நீக்கியது. மூன்று நாட்களின் பின் அவர் காலமானார். அவரது இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டவர்களுள், லண்டனில் சட்டம் பயின்ற மோகன்தாஸ் காந்தியும் ஒருவர்.

பிராட்லா சமதர்மவாதியல்லர். 1884 இல் ஹைண்ட்மனை எதிர்த்து மேடையேறிச் சமதர்மத்தை மறுத்தவர் அவர். நாம் அவரை நினைப்பது அவரது கொள்கைக்காக மட்டுமன்று. பணபலம் சட்டத்தின் வேடம் பூண்டு வாக்குரிமையைப் பறிக்க முனைந்ததை அவரது வாழ்வு அம்பலப்படுத்தியது. அதே ஆயுதம் விரைவிலேயே தொழிலாளர் இயக்கத்தின் மீதும் பாய்ந்தது. தொழிற்சங்க நிதியிலிருந்து பாராளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் வழங்கலாகாது என, ஒஸ்போர்ன் என்ற ஒரே உறுப்பினர் தொடுத்த வழக்கில் 1909 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 400 பவுண் அரச சம்பளம் 1911 இல் ஏற்பட்ட பின்னரே அந்த நெருக்கடி தணிந்தது. தண்டப் பணத்துக்காகத் தனிமனிதர் வழக்காடும் முறை 1951 இல் தான் பிரித்தானியாவில் ஒழிக்கப்பட்டது.

எனினும், வழக்குச் செலவைக் காட்டி முறையிடும் ஒவ்வோர் அரசியல்வாதியும் பிராட்லா ஆகிவிடமாட்டார். அமெரிக்காவின் அலாஸ்கா மாநில ஆளுநர் சேரா பேலின் 2009 யூலையில் தமது பதவிக்காலம் முடியுமுன்னரே பதவி துறந்தார். குடிமக்கள் எவரும் தொடுக்கக்கூடிய ஒழுக்க முறைப்பாடுகள் தம்மீது குவிந்தன என்றும், தமது சட்டச் செலவு 500,000 டொலரைத் தாண்டிவிட்டது என்றும் கூறினார். அவரது ஆண்டுச் சம்பளமோ 125,000 டொலர். முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை தள்ளுபடியாயின என்பது உண்மை. ஆனால், ஒரு பொலிஸ் உத்தியோகத்தரைப் பதவி நீக்குமாறு வந்த அழுத்தம் தொடர்பில் அவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சட்டசபை நியமித்த விசாரணையாளர் 2008 இல் முடிவுசெய்ததும் உண்மை. அடுத்த மாதமே வேறொரு விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. அவரது வழக்குச் செலவுக்காகத் திரட்டப்பட்ட நிதியே ஒழுக்கச் சட்டத்துக்கு முரணானது என 2010 இல் கண்டறியப்பட்டு, பணம் கொடுத்தோருக்குத் திருப்பியளிக்கப்படவேண்டியதாயிற்று. புகழ்பெற்ற அவருக்குப் புத்தகமும் மேடையும் வருவாய் தந்தன. அத்தகைய புகழ் இல்லாத ஒரு கிராமசபை உறுப்பினருக்கு அதே சுமை வந்தால் அவர் எங்கே போவார்?

இங்கு நாம் இரண்டு தீமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முறைப்பாடு செய்யும் உரிமையைப் பூட்டிவைத்தால், அதிகாரத்திலுள்ளோர் களவெடுப்பதற்குக் காவலில்லாது போகும். அவ்வுரிமையைக் கட்டின்றி விட்டுச் செலவைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிற் சுமத்தினால், செல்வர் மட்டுமே பொதுவாழ்வில் நிலைக்கமுடியும். பரிகாரம் பிராட்லாவின் வழக்குகளிலேயே காணப்படுகின்றது. முறைப்பாட்டுக்குப் பணம் கொடுப்பவர் யாரென்று மக்கள் அறியவேண்டும். ஆதாரமற்ற முறைப்பாடு தொடக்கத்திலேயே, காலம் கடத்தாது, தள்ளப்படவேண்டும். குற்றமற்றவர் எனக் காணப்பட்டவரின் செலவைப் பொதுநிதி ஏற்கவேண்டும். குற்றவாளி எனக் கண்டால் அவர் தமது கையிலிருந்தே கொடுக்கவேண்டும்.

ஓர் அரசியல்வாதி மீது வழக்கு எழுந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, அவர் என்ன செய்தார் என்று கேட்பது நமது கடமை. அதனோடு, அவ்வழக்குக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது என்றும் நாம் கேட்கப் பழகுதல் வேண்டும். பிராட்லா அவ்வினாவை நீதிமன்றத்தில் எழுப்பியதனாலேயே நியூடிகேற்றின் கை வெளிப்பட்டது. தேர்தல் தோறும் உறுதியாக நின்ற நோர்தாம்ப்டன் மக்களோ, தமது பிரதிநிதி யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.