அறிதுயிலும் சாட்சியமும்

திகன, தெல்தெனிய, இரங்கலைப் பகுதித் தோட்டங்களில் ‘பேய் பிடித்தவரை’ முன்னிருத்தி, உடுக்கடித்துக் கோடாங்கி கேட்கும் வினா ஒன்றுண்டு: ‘நீ யார், யார் ஏவி வந்தாய்?’ அயற் சிங்களக் கிராமங்களில் கட்டாடியா கேட்பதும் ஏறத்தாழ இதுவே. மயக்கத்தில் வரும் விடை உண்மையெனக் கொள்ளப்படுகிறது. அவ்விடையிற் பெயர் குறிக்கப்பட்ட அயலவர்மீது பழி விழுகிறது. ஹிப்னோட்டிசம் எனும் அறிதுயிலின் தகுதியை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கலும் இதுவே.

பேச்சுவழக்கில் இதனை மனோவசியம் என்கிறோம். ஒருவர் மற்றவரின் உள்ளத்தைக் கைப்பற்றுவதாக எண்ணவைக்கும் பிழையான சொல் இது. துயிலின் காரணம் துயில்விப்பவரிடம் இல்லை, துயில்பவரிடமே உள்ளது என்று 1813 அளவிலேயே பாரிஸில் விரிவுரையாற்றியவர், கோவாவிற் பிறந்த அபே ஃபாரியா. இவரை நம்மவர் அதிகம் அறியாதது வியப்பே.

1845இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர், இம்முறையால் நோயாளரைத் துயில்வித்துப் பெருங்கட்டிகளை அகற்றினார். காந்தசக்தி என்று அவர் தந்த விளக்கம் பிழை. ஆயின் நோயாளர் பலர் வலியின்றிக் கிடந்தனர். இருண்ட அறையில் மணிக்கணக்காக நோயாளரின் உடலை வருடித் துயில்வித்தவர்கள் பெரும்பாலும் அவருடைய உள்ளூர் உதவியாளர்களே. அவரது முதல் நோயாளி ஒரு சிறைக்கைதி. அத்தகையவரின் சம்மதத்துக்கு எவ்வளவு பொருளுண்டு என்பது கேட்கத்தக்கது. 1846இல் பொஸ்டனில் ஈதர் வெற்றிபெற்றபின் இம்முறை அறுவை மருத்துவத்தில் ஒதுங்கிற்று.

அறிதுயிலின் மருத்துவப் பயனைப் பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955இல் ஏற்றது. வலி, பதற்றம், சிலவகைக் குடற்கோளாறு ஆகியவற்றில் இன்றும் அது துணைச்சிகிச்சையாகப் பயன்படுகிறது. நீரிழிவையோ புற்றுநோயையோ அது மாற்றாது. துயின்றவர் விழிக்காமலே போய்விடுவார் என்ற அச்சம் வீண். தனியே விட்டாலும் விழிப்பார். தீவிர மனப்பிறழ்வு உடையோரிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தலைவலிக்குக் காரணம் அறியாமல் வலியை மட்டும் அடக்குவதும் ஆபத்தே.

இலங்கையில் அறிதுயிலை மூடநம்பிக்கைக்கு எதிரான கருவியாக்கியவர் ஏபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, 1978இல் மறையும்வரை அப்பணியில் இருந்தார். கல் விழும் வீடுகளுக்கு நேரிற் சென்று, வீட்டாருள் ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி, தாமே எறிந்ததாக அவர் கூறுவதைக் கேட்டார். பேயைத் தேடாது, குடும்பத்துள் ஒடுக்கப்பட்ட ஒருவரின் துயரத்தைத் தேடியமை அவரது பெருமை. பேயோட்டலில் அடியுண்டிருக்கக்கூடிய பெண்கள் பலர் இதனாற் காக்கப்பட்டனர் எனலாம்.

எனினும் அவரது முறை முழுதும் பழுதற்றதன்று. அறிதுயிலில் வரும் நினைவுகள் புனைவு கலந்தவை, சாதாரண நினைவைவிட நம்பத்தக்கவை அல்ல என அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வுக்குழு 1985இல் அறிவித்தது. கேட்பவர் எதிர்பார்ப்பதைத் துயில்பவர் சொல்லிவிடுவார். பின்னர் அதனைத் தாமே உறுதியாக நம்பவும் செய்வார். அறிதுயிலில் வெளிப்பட்டதாகக் கூறப்படும் முற்பிறவிக் கதைகளை நாம் தள்ளுவது இந்த நியாயத்தாலேயே. அப்படியாயின் ‘நானே கல்லெறிந்தேன்’ என்ற ஒப்புதலையும் தனியே ஏற்க இயலாது. எறிந்ததைக் கண்டவர் உண்டா, அவர் அப்புறப்படுத்தப்பட்டபின் கல் விழுந்ததா என்பவையே சான்றாகும். கோடாங்கியிடம் கேட்கும் இவ்வினாக்களைக் கோவூரின் குறிப்பேடுகளிடமும் கேட்க வேண்டியுள்ளது.