ஹீமோகுளோபின் சரியென்றால் இரும்புச்சத்தும் சரியா?

"ஹீமோகுளோபின் 12.3 தானே, ஒன்றுமில்லை" என்று ஆய்வுகூட அறிக்கையை மடித்து வைத்துவிடும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். களைப்பும் மூச்சுவாங்கலும் தொடர்கின்றன. அந்த இலக்கம் சொல்வது பாதிக் கதைதான்.

உடலிலுள்ள இரும்பின் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஒரு பகுதி ஈரல், மண்ணீரல், என்பு மச்சை ஆகியவற்றில் சேமிப்பாக உள்ளது. உணவில் இரும்பு போதாமல் போனாலோ, மாதவிடாயில் குருதி அதிகம் வெளியேறினாலோ முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. அது தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் இறங்கும். கர்ப்பிணியல்லாத பெண்களில் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழ் போனால் அது குருதிச்சோகை.

பெரிட்டின்: சேமிப்பின் அளவைக் காட்டுவது இதுவே. வளர்ந்தவர்களில் லீற்றருக்கு 15 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது பெரிட்டின் தானாகவே உயரும். அப்போது 70 ஐ எல்லையாகக் கொள்ள வேண்டும். காய்ச்சலோடு எடுத்த அறிக்கையைப் பார்த்து நிம்மதியடைய முடியாது.

சீரம் இரும்பு: ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், மாத்திரை எடுத்தாலும் மாறும். இதைத் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது.

டிரான்ஸ்பெரின் செறிவு: இரும்பைக் காவும் புரதத்தில் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும். குறைபாட்டில் இது வீழ்ச்சியடையும். மொத்த இரும்புப் பிணைப்புத் திறனோ உயரும்.

எம்சிவி: செங்குருதிக் கலத்தின் பருமன். இது குறைந்தவுடன் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே உள்ள பழக்கம். இலங்கையில் இங்கேதான் கூடுதல் கவனம் தேவை. தலசீமியா காவிகளிலும் கலங்கள் சிறிதாகவே இருக்கும். பெரிட்டின் போதியளவு இருந்தும் எம்சிவி குறைந்திருந்தால், தலசீமியா பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கணவன், மனைவி இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குத் தலசீமியா நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். திருமணத்துக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. உணவுக்கால்வாயில் எங்கேனும் குருதி கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுடன் குடிக்கும் பிளேன்டீ இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தேசிக்காய்ப்புளி அதற்கு உதவும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு இலக்கத்தை விட, அது மாறிவந்த விதம் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.