தங்கம் தீர்ந்த ஊரில் வளர்ந்தவங்க

இன்னைக்கு கோலார் தங்கவயல். யஷ் நடிச்ச படத்துல பார்த்த ஊரை மறந்துடுங்க, நிஜ ஊரைப் பத்திப் பேசுவோம்.

1902-ல சிவனசமுத்திரத்துல இருந்து இங்கே மின்சாரம் வந்துச்சு. பெங்களூருக்கே 1905-லதான். ஆனா அந்தக் கரண்ட் வந்தது சுரங்கத்துக்காக. வட ஆற்காடு பக்கம் இருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த குடும்பங்கள் 'லைன்' என்ற வரிசைக் குடிசைகள்ல, மூங்கில் தட்டிக்குள்ள வாழ்ந்தாங்க. பெரும்பாலும் தலித் மக்கள். அவங்க தோண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். பாறைத்தூள் நுரையீரல்ல படிஞ்சு சிலிகோசிஸ் வந்து செத்தவங்க நிறைய பேர்.

1956-ல சுரங்கம் அரசு கைக்கு வந்தது. வேலை, வீடு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஒரே கம்பெனி. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரு சர்வர் விழுந்தா மொத்தமும் விழும்.

2001 பிப்ரவரி 28-ல அது விழுந்துச்சு. தோண்டுற செலவு கிடைக்கிற தங்கத்தை விட அதிகம்னு சுரங்கத்தை மூடிட்டாங்க. கணக்குப்படி சரிதான். ஆனா அந்தக் கணக்குல பிள்ளைங்க வரவே இல்லை. அப்பாவோட சம்பளம் நின்ன அதே நேரத்துல பேர்பெற்ற ஆஸ்பத்திரியும் படுத்துடுச்சு. குடியிருந்த வீடோ கம்பெனியோடது. சம்பளம் குறைஞ்ச ஏழ்மை வேற, கீழே பிடிச்சுக்க எதுவுமே இல்லாத ஏழ்மை வேற. இந்தப் பிள்ளைங்க வளர்ந்தது ரெண்டாவதுல.

ஊரைச் சுத்தி சயனைடு மண் மேடுகள் இருக்கு. தங்கம் பிரிச்செடுத்த பிறகு கொட்டின கழிவு அது. காத்தடிச்சா அந்தத் தூசு வீட்டுக்குள்ள, சோத்துத் தட்டுல, துணியில எல்லாம் வந்து படியும்.

மிச்சம் இருந்த ஒரே வழி ரயில். மாரிக்குப்பத்துல விடியறதுக்கு முன்னாடி ஏறினா பெங்களூர். நம்ம டெக் பார்க் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட ஊர் எதுன்னு ஒருநாள் கேட்டுப் பாருங்க. பிள்ளைங்க தூங்கும்போது கிளம்பி, தூங்கின பிறகு திரும்புற அப்பாக்கள் நிறைஞ்ச ரயில் அது.

2024 ஜூன்ல, அந்த மண் மேடுகள்ல 13-ஐ மறுபடி சலிச்சுத் தங்கம் எடுக்க கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும்னு ஊர்ல பேச்சு. 2001-ல அஞ்சாவது படிச்ச பையனுக்கு இப்போ முப்பது தாண்டியாச்சு. அப்பா போன அதே ரயில்ல இப்போ அவன் போறான்.