இரு முகத் தட்டு

ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும் என்று யாராவது சொன்னால், இரண்டாவது வேலையின் செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பார்ப்பது குமாஸ்தா புத்தி. வங்கியில் உட்கார்ந்து எனக்கு அது படிந்துவிட்டது. எச்டி டிவிடியும் சாதாரண டிவிடியும் முதுகோடு முதுகு ஒட்டி விற்கப்பட்ட வீடியோத் தட்டின் சரித்திரத்தை அந்தப் புத்தியோடுதான் பார்க்கிறேன்.

2006இல் தோஷிபாவின் எச்டி டிவிடியும் சோனி தரப்பின் புளூ-ரேயும் சந்தையில் மோதின. எது தங்கும் என்று தெரியாமல் வாங்குபவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு மருந்தாக வந்தது இரு முகத் தட்டு. இன்று டிவிடிப் பக்கத்தைப் பார்க்கலாம். நாளை புதுக் கருவி வாங்கியதும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். டிவிடி என்பதே 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியதுதான். எச்டி டிவிடியும் அப்படியே. எனவே ஒட்டுவதில் சிரமமில்லை. சிரமம் முழுவதும் வாங்கியவருக்கு.

தனித் தட்டைவிட விலை கூடுதல். சில படங்கள் இரு முகத்தில் மட்டுமே வந்ததால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. படத்தின் பெயரை அச்சிட நடுத்துளையைச் சுற்றியுள்ள மெல்லிய வளையம்தான் இடம். மேஜைமேல் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் கீறலுக்குத் தப்பாது. இதற்கு முன்னோடியும் உண்டு. 2004-05இல் அமெரிக்காவில் வந்த டூயல்டிஸ்க், சிடியையும் டிவிடியையும் ஒட்டியது. தடிமன் கூடிவிடாமலிருக்க சிடிப் பக்கத்தை விதித்த அளவுக்கும் மெலிதாக்கினார்கள். விளைவு, சில கருவிகள் அதைப் படிக்க மறுத்தன.

2007இல் எலவனாசூர்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரு முகத் தட்டு ஒன்று வந்தது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் முறையுள்ள ஒருவர் கொண்டுவந்தார். அதன் டிவிடிப் பக்கம் அமெரிக்காவுக்கான 1ஆம் மண்டலக் குறியீடு கொண்டது. இந்தியா 5ஆம் மண்டலம். எங்கள் கருவி சட்டத்தை மதிக்கும் ரகம், மறுத்துவிட்டது. எச்டி டிவிடிக்கோ மண்டலத் தடையே கிடையாது. ஆனால் அதைப் படிக்கும் கருவி எங்கள் ஊரில் எவரிடமும் இல்லை. இருந்திருந்தாலும், இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி அந்தத் துல்லியத்தை எங்கே காட்டியிருக்கும்? கருவி இருந்த பக்கத்துக்கு அனுமதி இல்லை, அனுமதி இருந்த பக்கத்துக்குக் கருவி இல்லை. பஸ் நிறுத்தத்துச் சிடி கடையில் கொடுத்து வேறு படம் கேட்டேன். கடைக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கண்ணாடியா இருக்கே தம்பி, நம்பர எங்க எழுதறது?" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட முதல் விமர்சனம் அது. அதைவிடக் கூர்மையாகப் பிறகு எதையும் படிக்கவில்லை.

அதே 2007இல் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடியாக 28 ரூபாய்க்கும் டிவிடியாக 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியிருந்தது. வீட்டிலுள்ள கருவி எதுவோ அதற்கானதை வாங்கிக்கொள்ளலாம். வித்தியாசம் 6 ரூபாய். தேர்வு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருந்தது. இரு முகத் தட்டில் இருந்தது தேர்வு அல்ல. தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் தீர்க்காத வழக்கை இரண்டு தரப்புக்கும் நம்மையே கட்டணம் கட்டவைத்து நம் அலமாரிக்கு மாற்றிவிட்டார்கள்.

வழக்கு முடிந்தபோது அதுவும் தெரிந்தது. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் புளூ-ரே பக்கம் போனது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. எச்டி டிவிடியையும் புளூ-ரேயையும் ஒரே தட்டில் தருவதாக 2007இல் வார்னர் அறிவித்த தட்டு கடைக்கே வரவில்லை. பிற்பாடு புளூ-ரேயையும் டிவிடியையும் ஒரே பெட்டியில் தனித்தனித் தட்டுகளாக வைத்து விற்கும் வழக்கம் பரவியது. எளிய புத்திக்கு இத்தனை சுற்று.

வங்கியில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று ஒரு கூட்டுக் கணக்கு உண்டு. இருவரில் ஒருவர் போனாலும் மற்றவர் பணம் எடுக்கலாம். இரு முகத் தட்டை அப்படி நம்பித்தான் வாங்கினார்கள். எங்கள் வீட்டுத் தட்டில் ஒருவர் போய்விட்டார். இருப்பவருடைய கையெழுத்து இந்தக் கிளையில் செல்லாது. இன்னும் அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை.