பின்சக்கரத்து ட்ரம்: ஒரு மினி காரும் கொஞ்சம் வரலாறும்

பர்மிங்காமில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒரு பழைய மினி வைத்திருக்கிறான். 1985 மாடல். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம். போன வருஷம் பின்னாலும் டிஸ்க் மாட்டிவிட்டான். ரெடிமேடாக ஒரு கிட் வாங்கி, தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றியிருக்கிறான். நவம்பரில் ஒரு மழை நாள். ரவுண்டானாவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்த, வண்டியின் பின்பக்கம் அப்படியே முன்னால் சுற்றி வந்துவிட்டது. பின் சீட்டில் ஆறு வயது மகள். நல்லவேளை, நடைபாதை ஓரக்கல்லில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை.

அன்று ராத்திரி போனில் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "மச்சான், டிஸ்க்னா ட்ரம்மை விட நல்லதுதானே? அப்புறம் எப்படிடா?"

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியில் தொடங்கியது.

முதலில் ஒரு வேடிக்கை. ட்ரம் பழசு, டிஸ்க் புதுசு என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. லூயி ரெனோ ட்ரம் பிரேக்கைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் 1902ஆம் ஆண்டில்தான், ஃப்ரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய பட்டறை எங்கே இருந்தது தெரியுமா? அதே பர்மிங்காமில், ஸ்பார்க்புரூக் பகுதியில். மினி கார் செய்த லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையும் பர்மிங்காம்தான்.

லான்செஸ்டரின் டிஸ்க்கைப் பிடித்தது செம்புப் பட்டைகள். உலோகத்தோடு உலோகம் உரசியதில் காது கிழியும் சத்தம். புழுதி ரோட்டில் செம்பு சீக்கிரம் தேய்ந்தும் போனது. சில வருஷம் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் போட்டால் சத்தம் அடங்கும் என்று காட்டினார். ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான். ஆனால் அந்த லைனிங்கால் அதிகம் லாபம் அடைந்தது ட்ரம்தான். மூடிய டப்பா, உள்ளே புழுதி போகாது, செலவும் குறைவு. அரை நூற்றாண்டுக்கு ட்ரம் ராஜ்ஜியம்.

ட்ரம்முக்கு இன்னொரு பலம் உண்டு. சுழலும் ட்ரம், முன்னால் இருக்கும் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதாவது பாதி வேலையை வண்டியின் ஓட்டமே செய்துவிடும், கால் அதிகம் அழுத்த வேண்டாம். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. அதனால்தான் டிஸ்க் வந்தபோது பூஸ்டரும் கூடவே வந்தது.

ட்ரம்மின் பலவீனம் சூடு. சூடானால் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும். லெ மான் பந்தயத்தில் நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்து, திருப்பத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அதையே 24 மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 1953இல் ஜாகுவார் சி-டைப், விமானத் தொழிலிலிருந்து வந்த டன்லப் டிஸ்க் பிரேக்கோடு இறங்கி முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பிடித்தது. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் 100 மைல் சராசரியைத் தாண்டியது அதுவே முதல் தடவை. 1955இல் சிட்ரோயன் டிஎஸ் சாதாரண ஆட்களுக்கும் டிஸ்க்கைக் கொண்டுவந்தது, முன்சக்கரத்தில் மட்டும்.

இந்த 'முன்சக்கரத்தில் மட்டும்' என்பதைத்தான் நான் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

1959இல் வந்த மினிக்கு நாலு சக்கரத்திலும் ட்ரம். 1961இல் மினி கூப்பர் வந்தபோது முன்னால் ஏழு அங்குல டிஸ்க் மாட்டினார்கள். பின்னால் கை வைக்கவில்லை. 1963இல் வந்த கூப்பர் எஸ் காருக்குப் பெரிய டிஸ்க்கும் பூஸ்டரும் கிடைத்தன, பின்னால் அதே ட்ரம். அந்த வண்டிதான் 1964, 1965, 1967 மூன்று வருஷமும் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தது! பனி மலைப்பாதையில். 2000இல் கடைசி மினி வெளியே வந்தபோதும் பின்னால் ட்ரம்தான்.

கஞ்சத்தனமா? கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் கணக்கு வேறு. மினி முன்சக்கர டிரைவ் வண்டி, எடையெல்லாம் மூக்கில். பிரேக் அடித்தால் மிச்ச எடையும் முன்னால் சாய்கிறது. நல்ல அழுத்தத்தில் பின்சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடும். அந்தச் சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுத்தால் அது உருளாமல் நின்றுவிடும். நின்ற சக்கரம் வழுக்கும், வழுக்கும் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். அதனால் மினிக்காரர்கள் பின் பிரேக்கை வேண்டுமென்றே அடக்கி வைத்தார்கள்: சின்ன வீல் சிலிண்டர், அதற்கும் மேலே பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வ்.

அத்தை மகனிடம் போட்டோ அனுப்பச் சொன்னேன். நினைத்தது சரி. புதிய காலிபரின் பிஸ்டன் பழைய சிலிண்டரை விட ரொம்பப் பெரிசு. பைப் இழுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று வால்வையும் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிவிட்டிருக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் ஆறு மாதம் எதுவும் தெரியவில்லை. டயருக்குப் பிடிமானம் இருந்தவரை தப்பு மறைந்தே இருந்திருக்கிறது.

பின்னால் டிஸ்க் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் பிஸ்டன் அளவு, மாஸ்டர் சிலிண்டர், வால்வ், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கணக்குப் போடுகிறவர்கள். இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்க ஒரு தகவல்: ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3 எலக்ட்ரிக் காருக்குப் பின்னால் ட்ரம்தான் வைத்திருக்கிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு, வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும்.

அத்தை மகன் பழைய ட்ரம்களைத் தூக்கிப் போடாமல் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தான். அதையே திருப்பி மாட்டப் போகிறானாம், வால்வோடு சேர்த்து. ஒன்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். ஷூ அந்தக் காலத்து லைனிங்காக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டன் அதை முழுசாகத் தடை செய்தது 1999இல்தான். ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதே, ஏர் அடிக்காதே, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடு, பக்கத்தில் குழந்தையை விடாதே. ஷூ மட்டும் புதுசாக வாங்கிக்கொள்.