பட்டாணிச் செடியும் படச்சுருளும்

திரைப்படம் எடுக்க விழைவோர்க்கு வேண்டிய கருவிகள் யாவை என வினவினால், படப்பெட்டி, ஒளிவிளக்கு என்றே நாம் அடுக்குவோம். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் எனப் பெரும்பாலோர் கொள்ளும் ‘ராஜா ஹரிச்சந்திரா’ பிறந்த கதையை நோக்கின், அப்பட்டியலில் ஒரு வார இதழையும் சேர்க்கத் தோன்றுகிறது. சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தோர் மிகுந்த நம் வட்டத்தினர்க்கு இது சற்றே ஆறுதல் தரலாம்.

1911இல் பம்பாய்க் கொட்டகை ஒன்றில் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைக் கண்டார் தாதாசாகிப் பால்கே. திரையில் ஏசு நடமாட, அவர் மனத்திலோ கண்ணனும் இராமனும் நடமாடினர். அன்று தொடங்கிய வேட்கை அவரை உறங்கவிடவில்லை. ஓயாது படம் பார்த்தும் நூல்களைப் பயின்றும் கண்கள் நலிந்து, சில காலம் பார்வையே மங்கிற்று. மருத்துவத்தால் மீண்டதும், ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை அடகு வைத்து 1912இன் தொடக்கத்தில் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

அந்நகரில் அவர்க்கு அறிமுகமானோர் எவருமிலர். ‘பயாஸ்கோப்’ என்னும் திரைத்தொழில் வார இதழின் பெயர்ப்பலகை கண்ணிற்பட, உள்ளே நுழைந்தார். ஆசிரியர் கேபர்ன் இத்தொழிலின் இடர்களைக் கூறி முதலில் தடுத்தார். வந்தவர் உறுதியைக் கண்டபின், படத்தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த்திடம் அழைத்துச் சென்றார். அங்குச் சில நாள்கள் தொழில்முறைகளைக் கண்டறிந்த பால்கே, வில்லியம்சன் படப்பெட்டி ஒன்றையும், படச்சுருளின் ஓரத்தில் துளையிடும் பொறியையும் வாங்கித் தாயகம் திரும்பினார்.

கருவி வந்தது, முதலீடு வரவில்லை. தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அது முளைவிட்டுக் கொடியாகும்வரை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் திரையில் நிகழக் கண்ட அன்பர் ஒருவர் கடன் தர இசைந்தார்.

இனி நான் சொல்ல விரும்புவது சரசுவதிபாயைப் பற்றி. அந்நாளில் துளையிடப்படாமலே வந்த படச்சுருளை இருளறையில் அமர்ந்து துளையிட்டவர் பால்கேயின் இவ்வாழ்க்கைத் துணைவியே. துளை சற்றே பிறழினும் படம் திரையில் நடுங்கும். பகலில் படக்குழுவினர் அனைவர்க்கும் சோறாக்கி, இரவில் சுருளோடு அமர்ந்த அக்கைகளைத் திரை வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நடிக்கப் பெண்கள் முன்வராமையால், உணவு விடுதியில் பணிபுரிந்த சாளுங்கே தாராமதி வேடம் பூண்டார் என்னும் செய்தியையே சுவைபடப் பேசுகிறோம். பெண் வேடமிட்ட ஆடவனை அறிந்த அளவு, படத்தைத் திரையில் ஓடவைத்த பெண்ணை நாம் அறியவில்லை.

1913 மே 3ஆம் நாள் பம்பாய் கொரோனேஷன் கொட்டகையில் படம் வெளியாயிற்று. சில ஆண்டுகளில் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்த நடராஜ முதலியாரும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் தொழில் பயின்றவரே. அவர் படத்தில் ஓர் அடிகூட இன்று எஞ்சவில்லை.

பால்கே தாம் கற்றதைப் பூட்டி வைக்கவில்லை. திரைப்படம் உருவாகும் முறையை விளக்க 1917இல் ஒரு குறும்படமே எடுத்தார். அதில் எஞ்சிய பகுதியில் அவரே தோன்றி, நடிகர்க்கு நடிப்புச் சொல்லித் தருகிறார். படச்சுருளை விரல்களிற் பற்றி ஒளியில் உயர்த்திப் பார்க்கிறார். அச்சுருளின் இருமருங்கிலும் துளைகள் வரிசையாக உள்ளன.